ஏழை ஏன் சீக்கிரம் சாகிறான்? – இருநூறு வருடக் கணக்கு

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு லோடுமேன் அண்ணன் இறந்துபோனார். வயது 49. மாரடைப்பு. சாவு வீட்டுக்குப் போய்விட்டு டீக்கடையில் நின்றபோது என் வகுப்பு நண்பன் ஒருவன் சொன்னான்: "இவங்கல்லாம் உடம்பப் பாத்துக்கறதே இல்ல மச்சி. தண்ணி, பீடி... அப்புறம் என்ன ஆகும்?"

அந்த அண்ணன் குடிக்க மாட்டார். பீடியும் கிடையாது. தெருவுக்கே தெரியும். அதைச் சொன்னேன். உடனே, "அப்போ கண்டதையும் தின்னுருப்பார்" என்றான். (அவனும் இதைப் படிப்பான், அதனால் பெயர் வேண்டாம்.)

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பதில் வரவில்லை. பிறகு நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, எங்கள் டீக்கடைச் சண்டை ஒன்றும் புதிதல்ல. கிட்டத்தட்ட இருநூறு வருடமாக டாக்டர்களும் புள்ளியியல்காரர்களும் அரசாங்கங்களும் இதே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை பெரும்பாலும் பிரிட்டனில் நடக்கிறது. ஏன் அங்கே? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 முதல் ஒவ்வொரு சாவையும் அரசாங்கம் பதிவு செய்து வருகிறது. இறந்தவரின் தொழிலும் அந்தப் பதிவில் இருக்கும். கணக்கு எழுதி வைத்த இடத்தில்தானே கணக்குப் பார்க்க முடியும்!

முதலில் பாரிஸ்

பிரிட்டனுக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன எட்டு பாரிஸுக்கு. லூயி ரெனே வில்லெர்மே என்று ஒரு டாக்டர். நெப்போலியன் படையில் அறுவை மருத்துவராக இருந்தவர். பாரிஸ் நகரம் அப்போது 12 வட்டங்களாகப் பிரிந்திருந்தது. சில வட்டங்களில் சாவு அதிகம், சிலவற்றில் குறைவு. ஏன்?

கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. வில்லெர்மே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஸேன் ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம்? மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? திறந்தவெளி எவ்வளவு? ஜன நெருக்கடி எவ்வளவு? எதுவுமே பொருந்தவில்லை.

கடைசியில் அவர் எடுத்தது வரிக் கணக்கு! வாடகை மிகக் குறைவாக இருந்ததால் வரி விலக்குப் பெற்ற வீடுகள் ஒவ்வொரு வட்டத்திலும் எத்தனை சதவீதம் என்று பார்த்தார். பொருந்திவிட்டது. அப்படிப்பட்ட ஏழை வீடுகள் எங்கே அதிகமோ அங்கே சாவும் அதிகம். 1830-ல் இதை வெளியிட்டார். காற்றும் ஆறும் சொல்லாததை வரிப் பதிவேடு சொல்லிவிட்டது. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம் வேண்டும் :-)

மான்செஸ்டர் கனவானும் ரட்லண்ட் கூலியாளும்

இப்போது பிரிட்டன். 1842-ல் எட்வின் சாட்விக் என்ற அதிகாரி, உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். ஊர்வாரியாக, வகுப்புவாரியாக, இறந்தவர்களின் சராசரி வயதை அதில் கொடுத்திருந்தார்.

லிவர்பூலில் கனவான்களுக்கு 35, வியாபாரிகளுக்கு 22, கூலியாட்களுக்கு 15.
மான்செஸ்டரில் முறையே 38, 20, 17.
கிராமப்புறமான ரட்லண்டில் 52, 41, 38.

15 வயதா என்று திகைக்காதீர்கள். பச்சைக் குழந்தைகள் ஏராளமாக இறந்ததால்தான் சராசரி அந்த அளவுக்கு விழுந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். மான்செஸ்டர் கனவானுக்கும் ரட்லண்ட் கூலியாளுக்கும் ஒரே எண், 38. சாட்விக் இதை வைத்துத்தான் வாதாடினார். கிராமத்துக் கூலியாளுக்குச் சம்பளம் குறைவு, ஆனாலும் நகரத்துக் கூலியாளைவிட அதிக நாள் இருக்கிறான். எனவே பிரச்சினை சம்பளமோ சாப்பாடோ இல்லை, அழுக்குதான், சாக்கடைதான் என்றார். 1848-ல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்ததில் இந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் வந்ததால் எத்தனையோ லட்சம் உயிர் பிழைத்தது. அதற்காக சாட்விக்குக்கு ஒரு கும்பிடு. ஆனால் அவர் ஏன் சம்பளப் பேச்சையே எடுக்க விரும்பவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எண்கள் கிடைத்துவிட்டன. ஏன் என்பதில்தான் சண்டை. 1980-ல் பிரிட்டனில் வந்த ஓர் அறிக்கை (அதன் கதை கடைசியில்) இதுவரை சொல்லப்பட்ட பதில்கள் எல்லாவற்றையும் நான்கு வகையாகப் பிரித்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பதில் 1: "எண்ணே தப்பு"

சாட்விக்கின் கணக்கில் உண்மையிலேயே ஓட்டை இருந்தது. 1844-ல் நீசன் என்ற காப்பீட்டுக் கணக்கர் அதைப் போட்டு உடைத்தார். இறந்தவர்களின் சராசரி வயது என்பது ஆயுளைக் காட்டாது. உயிரோடு இருப்பவர்கள் எந்த வயதினர் என்பதையும் சேர்த்தே காட்டும் என்றார்.

புரியும்படி சொல்கிறேன். நம் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துபோன மாணவர்களின் சராசரி வயதை எடுத்தால் 19, 20 என்றுதான் வரும். அதனால் கல்லூரிக்குப் போனால் 20 வயதில் செத்துவிடுவோம் என்று அர்த்தமா? இல்லை. அங்கே இருப்பவர்கள் எல்லோருமே அந்த வயதுதான். அதேபோல், குழந்தைகள் நிறைந்த கூலிக்காரத் தெருவில் சராசரி தானாகவே கீழே இறங்கும். கனவான் என்ற பட்டியலுக்குள் வருபவர்களில் வயதானவர்கள் அதிகம் என்றால் அது தானாகவே ஏறும். பி.காம். புள்ளியியல் தாளில் "கூட்டுச் சராசரியின் குறைபாடுகள்" என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வருமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, கணக்கைத் திருத்தினால் வித்தியாசம் மறைந்துவிட்டதா? அதுதான் இல்லை. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி ஸ்டீவன்சன் என்ற அரசுப் புள்ளியியலாளர் அப்பாவின் தொழிலை வைத்து மக்களை வகுப்புகளாகப் பிரித்து, பிறந்த குழந்தைகளில் ஒரு வயதுக்குள் எத்தனை இறக்கின்றன என்று பார்த்தார். இங்கே சராசரி வயதுக் குழப்பமே கிடையாது. எல்லோரும் ஒரே வயது, கைக்குழந்தைகள். மேல்தட்டில் ஆயிரத்துக்குச் சுமார் 76. பயிற்சியில்லாத கூலியாட்கள் வீட்டில் ஆயிரத்துக்குச் சுமார் 152. இரண்டு மடங்கு!

முறையைத் திருத்தியதும் எண்கள் மாறின. ஆனால் இடைவெளி போகவில்லை.

பதில் 2: "நோயாளிதான் ஏழையாகிறான்"

அதாவது, ஏழ்மையால் நோய் வரவில்லை. பிறவியிலேயே பலவீனமானவர்கள் கீழே விழுகிறார்கள், சீக்கிரம் சாகிறார்கள் என்ற வாதம்.

இதைச் சொன்னவர்களில் ஒருவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். ஒட்டுறவுக் கெழு போடும்போது பெயர் எழுதுவோமே, அதே கார்ல் பியர்சன்! லண்டனில் இன மேம்பாட்டியல் பேராசிரியராக இருந்தவர். குழந்தைகள் அதிகமாக இறப்பது இயற்கை செய்யும் களையெடுப்பு, பலவீனமானவை போய்விட்டால் மிஞ்சுபவை பலமாக இருக்கும் என்பது அவர் தரப்பு. சூத்திரம் படிக்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவருக்குப் பதில் சொன்னவர் ஆர்தர் நியூஸ்ஹோம் என்ற அரசு மருத்துவ அதிகாரி. 1910-ல் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. களையெடுப்பு நடப்பது உண்மை என்றால், கைக்குழந்தைகள் அதிகம் இறக்கும் மாவட்டத்தில் பிழைத்த குழந்தைகள் பலசாலிகளாக இருக்க வேண்டும். அடுத்த வயதுகளில் சாவு குறைய வேண்டும். பதிவேட்டைப் பார்த்தார். நேர் எதிர். கைக்குழந்தைகள் அதிகம் இறந்த இடங்களில்தான் அதற்கு மேற்பட்ட வயதுக் குழந்தைகளும் அதிகம் இறந்தன. சூழ்நிலை, பலவீனமானவனை எடுத்துக்கொண்டு பலசாலியை விட்டுவிடவில்லை. இருவரையும் அடித்தது.

ஆனாலும் இந்த இரண்டாவது பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஜெரி மோரிஸ் என்ற டாக்டர் 1953-ல் லண்டன் இரட்டை மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்ற பேச்சுக்கெல்லாம் இது ஒரு தொடக்கப் புள்ளி. ஆனால் மனிதர் அதோடு விடவில்லை. சீருடைக் கணக்கை வாங்கி, பேண்ட் இடுப்பளவைப் பார்த்தார்! இளம் வயது டிரைவர்களுக்கே இடுப்பு பெரிதாக இருந்தது. அதாவது வித்தியாசத்தில் ஒரு பங்கு வேலையில் சேரும்போதே இருந்திருக்கிறது. தன் பெரிய கண்டுபிடிப்பைத் தானே சந்தேகப்பட்டு 1956-ல் அதையும் வெளியிட்டார். எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. இவர் இன்னும் ஒருமுறை வருவார்.

பிறகு 1971 கணக்கெடுப்பிலிருந்து நூற்றுக்கு ஒருவரை எடுத்து, வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒருவர் நோயால் வேலை இழந்து கீழே இறங்கினாலும் கணக்கில் அவர் 1971-ல் இருந்த வகுப்பில்தான் இருப்பார். அப்படிப் பார்த்தும் இடைவெளி இருந்தது. வருடங்கள் போனபோதும் கரையவில்லை. நோய் மனிதனைக் கீழே தள்ளுவது உண்மை. ஆனால் இத்தனை பெரிய இடைவெளிக்கு அது போதாது.

பதில் 3: "பழக்கம் சரியில்லை"

இதுதான் என் நண்பனின் பதில். உலகத்தில் அதிகம் பேர் சொல்லும் பதிலும் இதுவே.

1900-களின் தொடக்கத்தில் குழந்தைகள் சாவதற்குத் தாய்மார்களின் அறியாமையைக் காரணம் காட்டினார்கள். சமைக்கத் தெரியாது, செலவு பண்ணத் தெரியாது, வீட்டைச் சுத்தமாக வைக்கத் தெரியாது என்று. இது உண்மையா என்று பார்க்க லண்டனின் லாம்பெத் பகுதிக்குப் பெண்கள் குழு ஒன்று போனது. இந்தக் குழுவில் இருந்த மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913-ல் இதைப் புத்தகமாக எழுதினார். பரம ஏழைகள் அல்ல, வாரம் ஏறக்குறைய ஒரு பவுண்ட் சம்பாதிக்கும், ஒழுங்காக வேலைக்குப் போகும் ஆட்களின் குடும்பங்கள். அந்தப் பெண்களிடம் வாராவாரம் வீட்டுக் கணக்கை எழுதி வைக்கச் சொன்னார்கள்.

கணக்கில் ஊதாரித்தனம் இல்லை. வாடகை பெரிய பங்கைத் தின்றது. அதற்குப் பிறகு நிலக்கரி, விளக்கு. மிஞ்சியதில் ரொட்டியும் உருளைக்கிழங்கும். வீட்டில் கறி எடுத்தால் வேலைக்குப் போகிறவனுக்கு, ஏனென்றால் அவன் படுத்தால் எல்லாமே போச்சு. தாயும் பிள்ளைகளும் மிச்சத்தில். அதில் ஒரு செலவினம் என்னை நிறுத்திவிட்டது. குழந்தைகளின் ஈமக் காப்பீடு. பிள்ளைக்கு வாரம் ஒரு பென்னி. பிள்ளை செத்தால் அடக்கம் செய்யப் பணம் வேண்டுமே என்று, பிள்ளை உயிரோடு இருக்கும்போதே, அதன் சாப்பாட்டுக் காசிலிருந்து கட்டியிருக்கிறார்கள். அந்தச் செலவு "அறியாமை" இல்லை. தெருவில் என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதிய கணக்கு அது.

சிகரெட் கதையும் இதேபோல்தான். 1948-ல் பிரிட்டனில் ஆண்களில் ஐந்தில் நான்கு பேர் ஏதாவது ஒரு வடிவில் புகை பிடித்தார்கள். பிரபு, வக்கீல், டாக்டர், கூலி என்று எல்லோரும்தான். 1950-ல் டாலும் ஹில்லும் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு மேல்தட்டினர் முதலில் விட்டார்கள், டாக்டர்கள் உட்பட. கீழ்த்தட்டினர் மெதுவாக. ஆக, இன்று "ஏழைகளின் கெட்ட பழக்கம்" என்று நாம் சொல்வது ஒரு காலத்தில் எல்லோருடைய பழக்கம். அதை விட்டொழிக்க நேரமும் நிம்மதியும் அறிவுரை சொல்ல ஆளும் யாருக்கு இருந்ததோ அவர்கள் முதலில் தப்பித்தார்கள்.

ஆனால் புகைப்பதால் ஆள் சாகிறானா இல்லையா? சாகிறான். அதனால் பழக்கத்துக்கு எவ்வளவு பங்கு என்று அளந்து பார்க்க வேண்டும். அதை அளந்தது வைட்ஹால் ஆய்வு.

வைட்ஹால் என்பது லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் வீதி. நம்ம ஊர்க் கோட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1967-ல் தொடங்கி அங்கே வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களைப் பரிசோதித்துத் தொடர்ந்தார்கள். மைக்கேல் மார்மட் பிறகு இதை அலசி எழுதினார். இந்த ஆட்களில் பரம ஏழை யாரும் இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை. சுரங்கம், ரசாயனம் எதுவும் இல்லை, மேசை நாற்காலிதான். எல்லோருக்கும் இலவச அரசு மருத்துவம். அப்படியும், மேல்நிலை அதிகாரிகளோடு ஒப்பிட்டால், கடைநிலையில் இருந்த பியூன்கள், வாயிற்காவலர்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இறந்தார்கள். பெரிய பொறுப்பில் இருப்பவனுக்குத்தான் டென்ஷன், அவனுக்குத்தான் ஹார்ட் அட்டாக் என்று நாம் சொல்வோமே, அது தலைகீழாகிவிட்டது.

அதைவிட முக்கியம், இது மேலே கீழே என்ற இரண்டு தட்டு இல்லை. படிக்கட்டு. உச்சியில் இருப்பவரைவிட அதற்கு அடுத்த படியில் இருப்பவர் மோசம், அவரைவிடக் கிளார்க் மோசம், அவரைவிடப் பியூன் மோசம். கார், வீடு உள்ள இரண்டாம் நிலை அதிகாரி "ஏழை" இல்லையே! அப்படியானால் இது ஏழைகளின் பிரச்சினை மட்டும் அல்ல, நடுப்படியில் நிற்கும் நம் எல்லோருடையதும்.

புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தார்கள். இதய நோய் இடைவெளியில் பாதிக்கும் குறைவாகத்தான் அவற்றால் விளக்க முடிந்தது. புகையே பிடிக்காதவர்களை மட்டும் தனியாக எடுத்தாலும் படிக்கட்டு இருந்தது. இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் தெரு அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

பதில் 4: "வாழும் நிலைமை"

இப்போது சாட்விக்குக்குத் திரும்புவோம். அவர் ஏன் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை? 1834-ல் வந்த புதிய ஏழைகள் சட்டத்தை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். உதவி வேண்டும் என்றால் ஏழை தன் வீட்டை விட்டு, அரசு நடத்தும் உழைப்பு விடுதிக்குள் போய் அடைபட வேண்டும் என்பது அதன் சாரம். பசியால் நோய் வருகிறது என்று ஒப்புக்கொண்டால் அந்தச் சட்டமே குற்றவாளிக் கூண்டில் ஏறும்.

இது வெறும் ஊகம் இல்லை. பதிவாளர் அலுவலகத்தில் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளர், முதல் வருட அறிக்கையில் சாவுக் காரணங்களைப் பட்டியலிட்டபோது "பட்டினி" என்று 63 சாவுகளைப் போட்டார். லட்சத்துக்கு மேற்பட்ட சாவுகளில் வெறும் 63! சாட்விக் அதற்கே எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். ஃபார் விடவில்லை. பட்டினி நேரடியாகக் கொல்வது குறைவு, ஆனால் உடம்பைத் தளரவைத்து மற்ற நோய்கள் வழியாக நிறையப் பேரைக் கொல்கிறது என்று பதில் சொன்னார். எடின்பரோவில் அலிசன் என்ற டாக்டரும் சாட்விக்கோடு மோதினார். காய்ச்சலுக்கு வழிவிடுவது அழுக்கு மட்டுமல்ல, வறுமை என்றார். சாட்விக் பக்கம்தான் ஜெயித்தது. சாக்கடைக்கு ஒருமுறை செலவு செய்தால் போதும், கூலியில் கைவைக்க வேண்டாம் அல்லவா?

அலிசன் சொன்னது சரிதான் என்பதற்கு ஒரு சோதனை தற்செயலாக நடந்தது. 1927-ல் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்ற ஊரில் ஒரு சேரிப் பகுதியை இடித்து, அங்கிருந்த 152 குடும்பங்களைப் புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். நல்ல வீடு, கழிப்பறை, வெளிச்சம், காற்று. சாட்விக் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். என்ன நடந்தது? சாவு விகிதம் ஏறியது! ஆயிரத்துக்குச் சுமார் 23-ஆக இருந்தது, சுமார் 33-ஐத் தாண்டியது. இன்னொரு சேரியில் அப்படியே இருந்தவர்களுக்கு இப்படி ஏறவில்லை.

ஊர் மருத்துவ அதிகாரி மக்கோனிகல் ஒவ்வொரு காரணமாகச் சோதித்தார். வீட்டிலோ வடிகாலிலோ குறையில்லை. கடைசியில் அவரும் வரவு செலவைத்தான் பார்த்தார். புது வீட்டு வாடகை பழையதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. வருமானம் அதேதான், பல பேருக்கு வேலையே இல்லை. வாடகை போகச் சாப்பாட்டுக்கு மிஞ்சியது குறைந்துவிட்டது. நல்ல வீட்டில் உட்கார்ந்து அரை வயிறு சாப்பிட்டார்கள். வாடகை என்ற ஒரு செலவினம் கூடியதற்கு விலை உயிராக இருந்திருக்கிறது.

இந்தக் காலத்தில் இன்னொரு முக்கியமான ஆள் வருகிறார். ரிச்சர்ட் டிட்மஸ். 14 வயதில் பள்ளியை விட்டவர். புக்-கீப்பிங் படித்துவிட்டு காப்பீட்டு நிறுவனத்தில் பல வருடம் கிளார்க். பட்டம் கிடையாது. ராத்திரிகளில் உட்கார்ந்து சாவுக் கணக்குகளை அலசினார். 1943-ல் வந்த அவருடைய நூல், 1911-க்குப் பிறகு குழந்தைச் சாவு எல்லா வகுப்பிலும் குறைந்தது, ஆனால் வகுப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மூடவில்லை என்று காட்டியது. பேருந்து ஆய்வு செய்த மோரிஸ் இவருடைய நண்பர். இருவரும் சேர்ந்து ஆய்வுகள் எழுதியிருக்கிறார்கள்.

1948 ஜூலை 5-ல் பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் வந்தது. இனி இடைவெளி மூடிவிடும் என்று நம்பினார்கள். 1971-ல் வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்து டாக்டர், ஜூலியன் டியூடர் ஹார்ட், லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். இன்று அது ஒரு விதியாகவே மேற்கோள் காட்டப்படுகிறது.

விடுமுறையில் வெளிவந்த அறிக்கை

1977-ல் லேபர் அரசின் சுகாதார அமைச்சர் டேவிட் என்னல்ஸ், இலவச மருத்துவம் வந்து முப்பது வருடம் ஆகியும் இடைவெளி ஏன் போகவில்லை என்று பார்க்க ஒரு குழு போட்டார். தலைவர் சர் டக்ளஸ் பிளாக். உறுப்பினர்களில் நம்ம ஜெரி மோரிஸும், வறுமை ஆய்வாளர் பீட்டர் டவுன்செண்டும் உண்டு. 1980-ல் அறிக்கை தயார். கடைசி வகுப்பில் இருப்பவர் ஓய்வு வயதுக்கு முன்பே இறக்கும் வாய்ப்பு, முதல் வகுப்பில் இருப்பவரைப்போல இரண்டரை மடங்கு. நான் மேலே சொன்ன நான்கு பதில்களையும் எடுத்துப் பரிசீலித்தது இந்தக் குழுதான். நான்கிலும் ஏதோ கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பெரும் பங்கு வாழும் நிலைமையே என்று முடிவு சொன்னது. குழந்தைகளுக்கான உதவித்தொகை, வீடு, பள்ளியில் உணவு என்று பரிந்துரைத்தது.

ஆனால் அதற்குள் ஆட்சி மாறிவிட்டது. தாட்சர் அரசு. ஆகஸ்ட் மாத விடுமுறையை ஒட்டி, நாட்டில் யாரும் செய்தி படிக்காத நேரமாகப் பார்த்து, டைப் செய்த பிரதியை நகலெடுத்து வெறும் 260 பிரதிகள் வெளியிட்டார்கள். அச்சடிக்கக்கூட இல்லை. அமைச்சர் பாட்ரிக் ஜென்கின் எழுதிய முன்னுரையில், இதற்கு வருடத்துக்கு 200 கோடி பவுண்டுக்கு மேல் செலவாகும், நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்லிவிட்டார். கவனியுங்கள், எண்கள் தப்பு என்று அவர் சொல்லவில்லை. செலவு அதிகம் என்றார்.

மறைக்கப் பார்த்ததாலேயே அது பிரபலமானது. 1982-ல் பெங்குவின் அதை மலிவுப் பதிப்பாகப் போட்டது. 1985 முதல் இரண்டாம் வைட்ஹால் ஆய்வு பெண்களையும் சேர்த்து 10,308 பேரைத் தொடர்ந்தது. தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாத நிலையும் படிக்கட்டில் கணிசமான பங்கு வகிக்கிறது என்று அது காட்டியது. 2010-ல் மார்மட் இங்கிலாந்துக்காக எழுதிய அறிக்கையில், மிக ஏழைப் பகுதிகளில் இருப்பவர்கள் மிக வசதியான பகுதிகளில் இருப்பவர்களைவிடச் சராசரியாக 7 வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்றார். ஊனமோ நீண்டகால நோயோ இல்லாமல் வாழும் காலத்தில் வித்தியாசம் 17 வருடம். 2020-ல் மறுபடி பார்த்தபோது ஆயுள் வளர்ச்சியே ஏறக்குறைய நின்றுபோயிருந்தது.

என் நண்பனுக்கு

இவ்வளவு படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். நான்கு பதில்களில் முதல் மூன்றும் முழுப் பொய் இல்லை. சராசரி ஏமாற்றும், நோய் ஆளைக் கீழே தள்ளும், பழக்கம் கொல்லும். ஆனால் ஒவ்வொன்றையும் அளந்து கழித்த பிறகும் பெரிய மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தின் பெயர் கூலி, வாடகை, சாப்பாடு, வேலை. முதல் மூன்று பதில்களுக்கும் அரசாங்கத்துக்கோ முதலாளிக்கோ செலவு குறைவு. நான்காவதுக்குத்தான் பில் பெரிசு. அதனால்தான் இருநூறு வருடமாக அது கடைசியில் நிற்கிறது.

எங்கள் தெரு அண்ணன் ஏன் இறந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு தனி ஆள் ஏன் இறந்தார் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. உனக்கும் தெரியாது மச்சி, ஆனால் நீ சொன்னாய். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அவருக்கு மூட்டைக் கணக்கில் கூலி. இரண்டு வாரமாக நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்தார். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் அங்கே போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு என்பதும் தெரியும். அந்த வாரம் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

"உடம்பப் பாத்துக்கல" என்றாயே. அந்த வாரத்துக் கணக்கில் உடம்பு எந்த வரியில் வரும், நீயே எழுதிக் காட்டு.

பி.கு: இதில் எங்காவது கணக்கில் நான் தப்பு செய்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். நண்பா, நீயும் எழுது. அடுத்த டீ என் செலவு.